வேலைக்கு வைத்த பெயர்

என் தங்கை பழனியம்மா இந்த வாழ்க்கையோடு மல்லுக்கட்டி வாங்கியவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். எங்கள் அம்மா பெற்ற ஐந்து பிள்ளைகளில் தங்கியது இரண்டு. ஒன்று நான், மற்றது அவள். பதின்மூன்று வயதில் நெருப்புக்காய்ச்சல் வந்து, தேயிலைத் தோட்டத்து லயத்தில் எல்லோரும் கைவிட்ட பிறகு தானாக எழும்பி உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் அவள் வேலை செய்த வீட்டுக்குத் தீ வைத்தபோது, பெரியம்மா என்று கூப்பிட்ட, நடக்கமுடியாத அந்த வீட்டுக் கிழவியைக் கதிரையோடு இழுத்துப் பின்மதிலுக்கு அப்பால் சேர்த்தாள். அந்த வீட்டில் அன்று ஓர் உயிரும் போகவில்லை. நாற்பத்து நான்காவது வயதில் குடியுரிமை பெற்றாள். அதுவரை அவள் இலங்கைக்காரியும் இல்லை, இந்தியாக்காரியும் இல்லை. அடுத்த வருடம் வாக்குப் போட்டாள். நாற்பத்தொன்பதில் இடது மார்பில் கட்டி. மஹரகமை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனாள். வார்டில் கட்டில் கிடைத்த பிறகுதான் எனக்குச் சொல்லி அனுப்பினாள். ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள். பதினைந்து வருடம் ஆகிறது, நோய் திரும்பி வரவில்லை. கொட்டாஞ்சேனையில் நான் குடியிருக்கும் சந்தின் தெருவிளக்கும் அவள் வாங்கிக் கொடுத்ததுதான். மாநகரசபை உறுப்பினரின் வாசலில் போய் நின்றாள்; விளக்கு வரும்வரை நின்றாள்.

இவற்றில் எதையும் நான் கூட்டிச் சொல்லவில்லை. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். பெயர் ராமையா. புறக்கோட்டை அரிசிக் கடையில் மூட்டை தூக்கத் தொடங்கி, பிறகு நிறுவைக்கு வந்து, கடைசியில் கணக்குப் பார்த்தவன். ஒரு கிராம் கூடினாலும் குறைந்தாலும் மனம் கேட்காத தொழில் அது. அதே பழக்கத்தில்தான் இதையும் எழுதுகிறேன்.

தங்கையைக் கொழும்புக்குக் கூட்டிவந்தது நான். 1973 என்று ஞாபகம். அடுத்த வருடத் தொடக்கமாகவும் இருக்கலாம். தோட்டத்தில் வேலையில்லை, சாப்பாடு இல்லை. கொட்டகலையில் ரயில் ஏறும்போது அவள் கையில் ஒரு துணிப்பை இருந்தது. எங்கள் கடையில் மாதாமாதம் அரிசி எடுக்கும் வெள்ளவத்தை வீட்டில் சமையலுக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்கள், நல்ல மனிதர்கள். வாசலில் அந்த வீட்டு அம்மா பெயரைக் கேட்டார். நான் சொன்னேன். அது நீளம், ராணி என்று கூப்பிடுவோம் என்றார். முன்பு வேலை செய்த பிள்ளையின் பெயர் ராணி. அவளுக்கு முன் இருந்தவளையும் ராணி என்றுதான் கூப்பிட்டார்களாம். வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் வாயில் பழகிவிட்டது என்றார். பாயும் அலுமினியத் தட்டும்கூட அந்த ராணியுடையவைதான்.

தங்கை அதற்காக வருத்தப்பட்டதை நான் பார்த்ததில்லை. கொழும்பில் அந்தக் காலத்தில் மலையகத்துப் பிள்ளைகள் பலருக்கும் அப்படித்தான். அவள் அதற்கு ஒரு நியாயம் வைத்திருந்தாள்: வேலைக்கு ஒரு பெயர், வீட்டுக்கு ஒரு பெயர். வேலைப் பெயரை யாரும் எப்படியும் ஏசலாம், உரத்துக் கூப்பிடலாம், அது உள்ளே போகாது. வீட்டுப் பெயர் நம் ஆட்களுக்கு. நம் ஆட்கள் என்று அவளுக்குக் கொழும்பில் இருந்தது நான் ஒருவன். நானும் 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடுவேன். ஆக, பழனியம்மா என்று வாய்விட்டுக் கூப்பிட ஊரில் ஒருவரும் இருக்கவில்லை.

அந்த வீட்டில் நாற்பது வருடத்துக்கு மேல் இருந்தாள்; எரிந்த பகுதியைத் திருத்திக் கட்டிய பிறகும் அங்கேதான். சாமான் அறைக்குப் பக்கத்தில் படுக்கை. மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானத்துக்குப் பிறகு லீவு. நான் பின்கேற்றில் போய் நிற்பேன், இருவரும் கடலைப் பார்க்கப் போவோம். வெள்ளவத்தையில் கடல் பக்கத்திலேயே இருந்தது. ரயில் பாதையைத் தாண்டினால் கல், கல்லைத் தாண்டினால் தண்ணீர். மற்ற நாட்களிலும் பின்னேரம் அடுப்பு மூட்டுவதற்கு முன் அவள் தனியாகப் போய் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டு வருவாளாம். அங்கே யாருடனாவது கதைப்பாயா என்று ஒருமுறை கேட்டேன். "யாருண்ணே இருக்கா? தண்ணியப் பார்த்துட்டு வருவேன்" என்றாள்.

கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்தது. ஒருமுறை என் கையில் ஒன்றும் இல்லை. மற்ற முறை பெரியம்மா படுக்கையில், தங்கையால் வீட்டை விட முடியவில்லை. பிறகு ஆஸ்பத்திரி. அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

2015இல் அந்த வீட்டுப் பிள்ளைகள் கனடாவிலிருந்து வந்து வீட்டை விற்றார்கள். இப்போது அந்த இடத்தில் எட்டு மாடி. தங்கை இரண்டு பையோடு கொட்டாஞ்சேனைக்கு என் அறைக்கு வந்தாள். என் மனைவி அதற்கு முன்பே இறந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. நடுவில் ஒரு திரை கட்டினோம். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். அவளால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில் கடல் என்றால் துறைமுகம். மதிலும் பெட்டிகளும் கிரேனும்தான் தெரியும். ஐந்து மணியானால் வாசலில் வந்து நின்று சந்தைப் பார்ப்பாள். பக்கத்து அறை ரபீக்கா மட்டும்தான் அவளோடு வாயாடுவாள். ரபீக்காவுக்கும் அவள் 'ராணி தாத்தா'. கொழும்பு முஸ்லிம்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்கா.

2021இல், கொரோனாவுக்கு நடுவில், கொழும்புக்கு வெளியே கடலில் கப்பல் எரிந்தது எல்லோருக்கும் தெரியும். அதிலிருந்து வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள் கரையெல்லாம் ஒதுங்கின. சவ்வரிசி அளவு. கொழும்புக்கு வடக்கே ஹெந்தளைப் பக்கம் மணல் தெரியாத அளவுக்குக் கிடந்தது என்றார்கள். கரையைத் துப்புரவாக்க நாட்கூலிக்கு ஆள் எடுத்தார்கள். தங்கைக்கு அப்போது அறுபத்தொன்று. ஹெந்தளை பஸ் ஏறிப் போய்ப் பெயர் கொடுத்தாள். வேலை என்பதால் ராணி என்றே கொடுத்தாள்.

மணலை வலையில் அரித்து, கடல்தண்ணீர் தொட்டியில் கொட்டினால் மணல் அடியில் போகும், மணி மேலே மிதக்கும், அதை வழிக்க வேண்டும். அரிசியில் கல் அரிப்பதைத் தலைகீழாகச் செய்வதுபோல என்று சொன்னாள். அரிசியில் அடியில் தங்குவதை எறிவோம், இங்கே மேலே வருவதை எறிகிறோம். கையெல்லாம் எரியும், தோல் உரியும். செத்த ஆமைகள் ஒதுங்கும். முதல் ஆமையைப் பார்த்த அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

அங்கே அவள் தொட்டிக்கு எதிர்ப் பக்கத்தில் நின்று மணல் கொட்டியவர் புஷ்பராஜ். ஹெந்தளைக் கரையிலேயே பிறந்தவர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். கரைவலை இழுத்துச் சீவித்தவர். கப்பல் எரிந்த பிறகு மீன் பிடிக்க விடவில்லை, பிடித்த மீனை வாங்கவும் ஆள் இல்லை. அவரும் தன் கரையைக் கழுவும் கூலிக்கு வந்துவிட்டார். மனைவி இறந்து நெடுங்காலம். ஒரே மகள் நிஷாந்தி இத்தாலியில்.

தங்கை சொல்லச் சொல்லத்தான் எனக்கு அவரைத் தெரியும். அந்த மனிதர் வேலைக்கு நடுவில் முன்பிருந்த கரையைச் சொல்லிக்கொண்டே இருப்பாராம். இந்த இடத்தில் தாழம்புதர் இருந்தது, அந்த இடத்தில் அடம்பன் கொடி படர்ந்திருந்தது, இங்கே காலை வைத்தால் சின்ன நண்டுகள் ஓடும். மற்றவர்கள் அலுத்துப் போனார்கள். தங்கை கேட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் ஒன்றைத் தொடர்ந்து சொன்னதில்லை.

துப்புரவு வேலை இரண்டு வருடத்துக்கு மேல் விட்டுவிட்டு நடந்தது. பிறகு நிறுத்திவிட்டார்கள். மணி முடிந்துவிடவில்லை, சம்பளம்தான் முடிந்தது. அவள் மறுபடி வாசலில் வந்து நிற்கத் தொடங்கினாள். இந்த முறை முன்பைவிட அதிக நேரம் நின்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை புஷ்பராஜ் எங்கள் சந்தில் வந்து நின்றார். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் சாதி சமயம் பாராமல் சனம் போகும் நாள். அவர் கோயிலுக்கு வந்தவர், அப்படியே பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்றார். கையில் பொலித்தீன் பையில் மீன். கடலில் இப்போது கொஞ்சம் மீன் படுகிறது, காலையில் பிடித்தது என்று சொல்லிக் கொடுத்தார். தங்கை பையைத் திறந்து பார்த்தாள், மூடினாள், நல்ல மீன் என்றாள். நான் அரிசிக் கடைக்காரன். எனக்கு அரிசியைப் பற்றித்தான் தெரியும். ஆனால் மீனின் கண் குழிவிழுந்து வெளுத்திருந்தது எனக்கே தெரிந்தது. அது ஐஸில் கிடந்து வந்த மீன். அவள் அடுப்படிக்குப் போய்ப் புளி கரைத்தாள்.

அதன் பிறகு செவ்வாய் தவறாது. அவள் அந்த நாளில் மட்டும் பகலில் குளித்தாள். ரபீக்கா சும்மா இருப்பாளா? வாசலில் நின்று, "ராணி தாத்தா, மீன் வருது. மீனுக்குப் பொறகால ஆளும் வாறாரு" என்பாள். தங்கை அவரை வேலைத்தளத்தில் எல்லோரையும்போல 'அண்ணே' என்று கூப்பிட்டுப் பழகியிருந்தாள். ரபீக்கா அதையும் விடவில்லை. "இன்னம் அண்ணே அண்ணே என்டா அந்த மனிசன் எப்பிடித் தாத்தா வாய் தொறப்பாரு?" அதற்குப் பிறகு தங்கை அவரை அண்ணே என்று கூப்பிடுவதை நிறுத்தினாள். வேறு எப்படியும் கூப்பிடவும் இல்லை.

2024 ஜூலையில் ஒருநாள் அவர் மீன் இல்லாமல் வந்தார். வெள்ளைச் சட்டை, ஒரு பெட்டி பிஸ்கட். என்னிடம்தான் கேட்டார்.

"அண்ணன், எனக்கு அறுபத்தெட்டு முடிஞ்சுது. சீனி வியாதி இருக்கு. வீட்டில பின்பக்கத்தைக் கடல் கொண்டு போயிட்டுது. மகள் வருஷ முடிவுக்குள்ள வா, இல்லாட்டி இந்த விசா செத்துப் போயிரும் எண்டு நிக்கிறா. ராணி ஓம் எண்டு சொன்னா நான் போகமாட்டன்."

அவளிடமே கேளுங்கள் என்று திரையைக் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் போனார். திரை துணிதானே, பேச்சு கேட்டது. தங்கை மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு உடம்புல ஒரு பக்கம் இல்லைங்க. தெரியுமா?"

"என்ர வீட்டுக்கும்தான் ஒரு பக்கம் இல்ல" என்றார் அவர்.

பிறகு அவள் சிரித்தது கேட்டது. நான் எழுந்து சந்துக்கு வெளியே நடந்தேன். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி, அடுத்த செவ்வாய் சரி என்றாள். அவருக்கு அவசரம். மகளுக்குச் சொல்லவேண்டும், கடலும் காத்திருக்காது. தன் பகுதி விவாகப் பதிவாளரிடம் நேரே போய்விட்டார். பதிவாளர் அவரை அறிந்தவர், கோயில் பழக்கம். பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார். ராணி என்றார். முழுப்பெயர்? ராணிதான். தகப்பன் பெயர்? தெரியாது. பதிவாளர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாராம். போய் அடையாள அட்டையைக் கொண்டுவாருங்கள் ஐயா என்று அனுப்பினார்.

அவர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். தங்கை ட்ரங்குப் பெட்டியிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"இது ஆர்ட ஐடென்டி?"

"என்னோடதுதான்."

"பழனியம்மா எண்டு கிடக்கு."

"ஆமா. அதுதான் என் பேரு."

"அப்ப ராணி?"

"அது வேலைக்கு வச்ச பேரு."

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபக்காரர் அல்ல. ஆனால் முகம் கறுத்துவிட்டது.

"எவ்வளவு காலம் பக்கத்தில நிண்டு மண் அரிச்சனான். பதிவாளருக்கு முன்னால போய், பேர் தெரியாத பொம்பிளையக் கட்டப்போறன் எண்டு நிண்டுபோட்டு வாறன். ஒரு நாளாவது சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலையே."

"கேக்காட்டிச் சொல்லமாட்டீங்களா? அப்ப நானும் உங்களுக்கு வேலைதானா?"

அவர் அட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போனார். வாசலில் நின்ற ரபீக்கா விலகி அவருக்கு வழி விட்டாள்.

அவள் வஞ்சகமாக மறைக்கவில்லை என்பதை நான் எழுதித்தான் ஆகவேண்டும். தொட்டிக்கு எதிரில் நின்ற ஆள் எந்த நாளில் வேலைத்தளத்து ஆளாக இல்லாமல் போனார் என்று யாரால் சொல்லமுடியும்? அன்றைக்கே பெயரை மாற்றிச் சொல்லியிருக்க வேண்டும். அது எந்த நாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஐம்பது வருடம் ஒரு பெயரைக் கேட்டுத் திரும்பியவளுக்கு, மற்றப் பெயரை எடுத்து நீட்ட வாயும் வரவில்லை.

அடுத்த செவ்வாய் அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. தங்கை அந்த நாட்களில் புளி கரைத்து வைத்துவிட்டு, மத்தியானம் தாண்டியதும் அதில் பருப்பைப் போட்டாள். ஐந்து மணிக்கு வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிறாளா இல்லையா என்று எனக்குத் தெரியாத அளவுக்கு அமைதி. இரண்டு பேர் இருக்கும் அறை, ஒருவர் இருக்கும் அறையைவிட வெறுமையாக இருக்க முடியும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

ஆகஸ்ட் கடைசியில் நான் அவருக்குப் போனில் கோல் எடுத்தேன். சுருக்கமாகப் பேசினார். கடல் அடுத்த அறைச் சுவரையும் எடுத்துவிட்டது, மகளுக்குச் சரி சொல்லிவிட்டேன், டிசம்பரில் டிக்கட் என்றார். தங்கையிடம் அப்படியே சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். அடுத்த நாள் காலை சேலை மாற்றிக்கொண்டு நின்றாள்.

"ஹெந்தளைக்குப் போறேண்ணே. கூட வாறீங்களா?"

நான் அந்தக் கரையைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி விறுவிறு என்று நடந்தவள், கரைக்கு வந்ததும் நின்றுவிட்டாள். இங்கேதான் தொட்டி வைத்திருந்தோம் என்று கையைக் காட்டினாள். அவள் காட்டிய இடத்தில் தண்ணீர் நின்றது. அவர்கள் அரித்து அரித்துக் கழுவிக் கொடுத்த மணலே இல்லை. கடல் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஏன் என்று ஊரில் ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். நான் அறியாததை எழுதமாட்டேன். வேர் வெளியே தொங்க ஒரு தென்னை சாய்ந்திருந்தது. குவித்த கருங்கல் இடுக்குகளில் அந்த வெள்ளை மணிகள் மட்டும் இன்னும் கிடந்தன.

புஷ்பராஜின் வீடு கதவில்லாத அலுமாரிபோலக் கடலைப் பார்த்துத் திறந்து கிடந்தது. மிஞ்சிய அறையில் அவர் கோப்பைகளைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டு எழுந்தார், என்னை உட்காரச் சொன்னார். தங்கை உட்காரவில்லை.

"பேரைச் சொல்லிட்டுப் போக வந்தேன். நான் பழனியம்மா. எங்க அப்பா பேரு முத்துக்கருப்பன், அம்மா பேரு காளியாயி. பொறந்தது கொட்டகலையில. அண்ணனைத் தவிர எனக்கு யாரும் இல்ல."

"இப்ப என்னத்துக்கு இதெல்லாம்?" அவர் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தபடி கேட்டார்.

"வேலைன்னா அந்தப் பேரைக் குடுத்துப் பழகிட்டேன். வேலை இல்லைன்னு ஆனப்புறம் மாத்தத் தெரியல. நீங்க வேலை இல்ல." அவள் மூச்சு வாங்கினாள். "நீங்க மட்டும் என்னவாம்? செவ்வாய்க்கு செவ்வாய் பேலியகொடை மீன் சந்தையில ஐஸ் மீனை வாங்கிட்டு வந்து, கடல்ல புடிச்சதுன்னு குடுத்தீங்க. நான் ஒரு நாள் கேட்டேனா?"

அவர் நிமிர்ந்தார்.

"தெரியுமா?"

"மொத நாளே தெரியும்."

"பிறகேன் சொல்லயில்ல?"

"சொன்னா அடுத்த கெழமை வரமாட்டீங்க."

அவர் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். வெளியே அலை கல்லில் மோதி அறைக்குள் தூறல் விழுந்தது. கடலில் ஒன்றும் இல்லை என்றார். பிறந்ததிலிருந்து ஒரு வீட்டுக்கும் மீனில்லாமல் போனதில்லையாம். வெறுங்கையோடு வர வெட்கமாக இருந்ததாம்.

"மகளுக்கு நான் இப்ப என்ன சொல்ல?" என்று கேட்டார்.

"வரலைன்னு சொல்லுங்க."

அதைச் சொல்லிவிட்டு, இன்னொன்றும் சொன்னாள். அது எனக்கே புதிது.

"ஆனா பதிவுல நான் கைநாட்டு வைக்க மாட்டேன். என் பேரை எழுதத்தான் போறேன். அது வர்ற வரைக்கும் நீங்க நிக்கணும்."

"எவ்வளவு நாள் பிடிக்கும்?"

"தெரியாதுங்க."

கைநாட்டு என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். குடியுரிமைக்கு, அடையாள அட்டைக்கு, மார்பை எடுக்கச் சம்மதம் என்று ஆஸ்பத்திரியில் எல்லாவற்றுக்கும் யாரோ ஒருவர் அவள் பெருவிரலைப் பிடித்து மையில் தோய்த்து, யாரோ காட்டிய இடத்தில் அழுத்தினார்கள். அவளாக வைத்தது ஒன்றும் இல்லை. பதிவாளர் கைநாட்டே போதும், சட்டப்படி குறையில்லை என்று புஷ்பராஜிடம் சொல்லி அனுப்பினார். அவள் கேட்கவில்லை.

நான் சொல்லித்தருகிறேன் என்று சந்துக் கடையில் பென்சில் வாங்கி வந்தேன். பென்சிலை வாங்கிக்கொண்டாள், என்னை வேண்டாம் என்றுவிட்டாள். "நீங்க கையைப் புடிச்சா அது உங்க கையெழுத்துண்ணே." அடையாள அட்டையை உப்புப் போத்தலில் சாய்த்து வைத்து, கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் அதைப் பார்த்து எழுதினாள். எழுதினாள் என்று சொல்லக்கூடாது, வரைந்தாள். ப ஒரு வாரத்தில் வந்தது. ழ வரவே இல்லை. அதன் கால் ஒருநாள் மேலே போகும், ஒருநாள் பக்கத்தில் போகும். செப்டம்பர் போனது, ஒக்டோபர் போனது. மகள் இத்தாலியிலிருந்து கோல் எடுத்து அழுதாள் என்று புஷ்பராஜ் சொன்னார். டிக்கட்டை மாற்றலாம், விசாவை மாற்ற முடியாது, நவம்பர் முடிவதற்குள் ஒரு முடிவு சொல் என்கிறாளாம். அவர் அதைச் சொன்னது தங்கையை அவசரப்படுத்த அல்ல. மனிதருக்குப் பயமாக இருந்தது. எங்கே அங்கும் இல்லாமல் இங்கும் இல்லாமல் போய்விடுமோ என்று.

எனக்கும் பொறுமை போய்விட்டது. விரலை வைத்துவிட்டுப் போகவேண்டியதுதானே என்று ஒரு மத்தியானம் சொன்னேன். அவள் தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. "வெரல் யாருதுன்னு மைக்குத் தெரியாதுண்ணே" என்றாள். நான் கடைக்குப் போவதுபோல வெளியே போய்விட்டேன்.

நவம்பர் நடுவில் அவர் மகளிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டார். தங்கையின் எழுத்து முடிவதற்கு முன்பே சொன்னார். அது எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பைத் தந்தது. வீட்டை இனி நம்பமுடியாது என்று மட்டக்குளியில் மூன்றாம் மாடியில் ஓர் அறை எடுத்தார். அங்கிருந்து கடல் தெரியாது. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் துணிக்கொடி. அதைப் பார்த்துத்தான் எடுத்தேன் என்றார். கரைப் பக்கம் போவதையும் விட்டுவிட்டார். பதிவு முடிந்த பிறகு இருவரும் அங்கேதான் இருக்கிறார்கள். எழுபது வருடத்துக்குக் கிட்ட அலைச் சத்தத்தில் தூங்கியவர் இப்போது மின்விசிறியைப் போட்டால்தான் தூங்குகிறார் என்று தங்கை சொல்கிறாள். மீன் வாங்கினால் இரண்டு பேரும் சேர்ந்தே கடைக்குப் போய் வாங்குகிறார்களாம். பேச்சு குறைவு. அவர் ஒரு மூலையில் வானொலியோடு, அவள் ஒரு மூலையில் அடுப்போடு. இருந்தாலும் அவர் அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார், முழுப்பெயரையும். என் அறையில் திரையை நான் இன்னும் கழற்றவில்லை. ரபீக்கா மட்டும் இடைக்கிடை கறி கொண்டுவந்து வைத்துவிட்டு, தாத்தா இல்லாமல் சந்து ஊமையாகிவிட்டது என்பாள்.

பதிவுக்குச் சாட்சி நானும் ரபீக்காவும். பதிவாளரின் அலுவலகம் அவர் வீட்டு முன்னறைதான். புஷ்பராஜ் அதே வெள்ளைச் சட்டையில், முதலில் கையெழுத்திட்டார்; சிங்களப் பள்ளியில் படித்தவர், சிங்களத்தில் ஒரே இழுப்பு. பதிவாளர் பழக்கத்தில் மைப்பெட்டியைத் திறந்து தங்கையின் பக்கம் தள்ளினார். அவள் அதை மூடி அவர் பக்கமே நகர்த்தி வைத்தாள். பேனாவைக் கேட்டாள். பென்சிலில் பழகியவளுக்குப் பேனா வழுக்கியது. ஒரு தடவை துணியில் விரலைத் துடைத்துக்கொண்டாள். அட்டை பையில் இருந்தது, வெளியே எடுக்கவில்லை. ப எழுதினாள். ழ எழுதும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டாள், ரபீக்காவும் பிடித்துக்கொண்டாள். னி, ய, ம். கடைசி மா கோட்டுக்கு வெளியே போய் அடுத்த கட்டத்தில் கால் வைத்தது. பதிவாளர் தாளைத் திருப்பித் திகதியை எழுதினார்: 2024 டிசம்பர் 5, வியாழக்கிழமை.